பழைய நண்பர்களோடு நகரத்தில் ஒரு ராத்திரி: கூப்பிடுவதில் தொடங்கி வீடு சேரும் வரை

"டேய், எல்லாரும் ஒரு நாள் சேரணும்டா."

இதைச் சொல்லாத நண்பர் குழு இல்லை. சொன்னவுடன் ஆளாளுக்குக் கைதூக்குவார்கள், யாராவது ஒரு பழைய போட்டோவைத் தேடி எடுத்துப் போடுவார்கள், ஒரு வாரத்தில் பேச்சு அடங்கிவிடும். ஆசைக்குக் குறைவில்லை. தேதி குறித்து, இடம் பார்த்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்க ஓர் ஆள்தான் இல்லை. இந்த வழிகாட்டி அந்த ஓர் ஆளுக்கானது. அது நீங்கள்தான் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த ராத்திரி பேசுவதற்காக. சாப்பாடு, இசை, ஊர் சுற்றல் எல்லாம் அந்தப் பேச்சுக்குத் துணை. எத்தனை பேர், எந்த இடம், எந்த மேசை, எத்தனை மணிக்கு என்று எந்தக் கேள்வி வந்தாலும் "இதனால் நாங்கள் நன்றாகப் பேச முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

இவ்வளவு சிரமம் எடுக்கலாமா என்று தோன்றினால், கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராவதற்குச் சேர்ந்து கழித்த நேரம் ஏறத்தாழ 50 மணி, நண்பராவதற்கு 90 மணி, நெருங்கிய நண்பராவதற்கு 200 மணிக்கும் மேல். வேலை, குடும்பம் என்று ஆன பிறகு புதிதாக ஒருவரோடு 200 மணி நேரத்துக்கு எங்கே போவது? பழைய நண்பர்களோடு அந்த நேரத்தை எப்போதோ கழித்து முடித்துவிட்டோம். இப்போது தேவைப்படுவது ஒரே ஒரு ராத்திரி.

யாரைக் கூப்பிடுவது, எத்தனை பேரை

பிரிட்டிஷ் மானுடவியலாளர் ராபின் டன்பாரும் அவருடன் பணியாற்றியவர்களும் பொது இடங்களில் மக்கள் எப்படிக் கூடிப் பேசுகிறார்கள் என்று கவனித்து 1995-இல் எழுதினார்கள். ஒரே பேச்சில் இயல்பாக இருக்கக்கூடியவர்கள் ஏறத்தாழ நான்கு பேர். ஐந்தாவது ஆள் வந்ததும் பேச்சு இரண்டாகப் பிரியத் தொடங்கும். உங்கள் மேசையிலும் இதுதான் நடக்கப்போகிறது. அதனால் நான்கிலிருந்து ஆறு பேர் என்பது என் பரிந்துரை. எட்டுப் பேர் என்றால் இரண்டு வட்டங்களாகத்தான் பேசுவார்கள். அதில் தப்பில்லை, நடுவில் இடம் மாறி உட்கார வைத்தால் போதும். மொத்த வகுப்பையும் கூட்டுவது வேறு விஷயம், அதற்கு மண்டபமும் மைக்கும் வேண்டும். இங்கே அதைப் பற்றிப் பேசவில்லை.

கணவன், மனைவி, பிள்ளைகள் வரலாமா என்பதை அழைக்கும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இந்த முதல் சந்திப்புக்கு நண்பர்கள் மட்டும் போதும் என்பேன். புதிதாக வந்து உட்காருபவருக்கு ஒவ்வொரு கதைக்கும் முன்கதை சொல்ல வேண்டும். சொல்பவருக்கும் வேகம் போய்விடும், கேட்பவருக்கும் சலிப்பு. குடும்பங்களோடு சேர்வதற்கு ஒரு பகல் பொழுதைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரு காலத்தில் சண்டை போட்டுப் பிரிந்த இருவர் பட்டியலில் இருந்தால், இருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள்: "அவனும் வர்றான், உனக்குப் பரவாயில்லையா?" இதைக் கேட்காமல் ஒரே மேசையில் கொண்டுபோய் உட்கார வைப்பது இருவருக்கும் செய்யும் அநியாயம்.

கூப்பிடும் முறை

குழுவில் பொதுவாக ஒரு செய்தி போட்டால் எல்லோரும் மற்றவர் பதிலுக்காகக் காத்திருப்பார்கள். தனித்தனியாகக் கூப்பிடுங்கள், முடிந்தால் போனில். "இத்தனை வருஷம் ஒரு வார்த்தை பேசாம இப்ப திடீர்னு கூப்பிட்டா என்ன நினைப்பாங்க?" என்ற தயக்கம் எல்லோருக்கும் வரும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெக்கி லியுவும் சக ஆய்வாளர்களும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தயக்கத்தைத்தான் சோதித்தது. நாம் தொடர்பு கொள்ளும்போது எதிரில் இருப்பவர் எவ்வளவு மகிழ்வார் என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்று தெரிந்தது. எதிர்பாராத அழைப்பாக இருந்தால் அவர்களுடைய மகிழ்ச்சி இன்னும் கூடுகிறது. இத்தனை வருட இடைவெளி உங்களுக்குச் சாதகமாகவே வேலை செய்யும்.

செய்தியாக அனுப்புவதென்றால் இந்த மாதிரி போதும்:

"டேய், எப்படி இருக்க? நம்ம ஆளுங்க ஆறு பேர் அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி சேரலாம்னு இருக்கோம். நீ கண்டிப்பா இருக்கணும். 12, 19 ரெண்டுல எது உனக்குத் தோது? ஏழு மணிக்கு உட்கார்ந்தா பதினொண்ணுக்குள்ள முடிச்சிரலாம்."

இதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. யார் யார், எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு முடியும். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு வருபவர், மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர், வெளியூரிலிருந்து வருபவர் ஆகியோருக்கு முடியும் நேரம் தெரிந்தால்தான் "வர்றேன்" என்று சொல்ல முடியும்.

"உனக்கு எப்போ வசதி?" என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கு முடிவே வராது. இரண்டு நாட்களைக் கொடுங்கள், அதிகம் பேருக்கு ஒத்துவரும் நாளைப் பிடியுங்கள், அன்று மாலையே அறிவித்துவிடுங்கள். மூன்று நான்கு வாரம் முன்னதாகச் சொன்னால் போதும். அதற்குப் பிறகு ஒருவருக்காகத் தேதியை மாற்றினால் இன்னொருவர் கழன்றுகொள்வார், அப்புறம் எல்லாமே கலைந்துவிடும். வர முடியாதவருக்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இடம்: இங்கேதான் பெரும்பாலான ராத்திரிகள் கெடுகின்றன

நகரத்தில் புதிதாகத் திறந்த, எல்லோரும் பேசிக்கொள்கிற இடத்துக்குப் போகத்தான் மனம் இழுக்கும். அங்கே போனால் பத்து வருடம் கழித்துப் பார்க்கும் நண்பனின் காதருகே குனிந்து "என்னது? என்ன சொன்ன?" என்று கத்திக்கொண்டிருப்பீர்கள். ஒரு மணி நேரத்தில் தொண்டை வறண்டு, ஆளுக்கொரு போனைப் பார்க்கத் தொடங்குவார்கள்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு காது மூக்கு தொண்டை மருத்துவர் 1911-இல் எழுதியது அது. சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார். பக்கத்து மேசைக்காரர் உங்கள் சத்தத்தைத் தாண்டிப் பேசக் குரலை உயர்த்துகிறார், அதைத் தாண்ட நீங்கள் உயர்த்துகிறீர்கள். ஏழு மணிக்கு அமைதியாக இருந்த கூடம் ஒன்பது மணிக்குச் சந்தைக்கடையாக மாறுவது இப்படித்தான். சுவரும் தரையும் கண்ணாடியும் கல்லுமாக இருந்தால் ஒலி எதிரொலித்து இன்னும் மோசமாகும். திரைச்சீலை, மெத்தை வைத்த இருக்கை, மர வேலைப்பாடு, திறந்த வெளி ஆகியவை ஒலியைக் குறைக்கும்.

சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபெல். கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தால் அங்கே 85 டெசிபெல்லை ஒட்டிய சத்தம் இருக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். போனில் ஒலியளவு காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, நீங்கள் சேரப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை மதியம் பார்த்துவிட்டு வந்தால் சனிக்கிழமை இரவைப் பற்றி ஒன்றும் தெரியாது. போனபோதே இவற்றையும் கவனியுங்கள்:

- மேசை வட்டமா, சதுரமா, நீளமா. ஆறு பேருக்கு வட்ட மேசை போல வேறு இல்லை. நீள மேசையில் கோடியில் உட்காருபவர் அன்று முழுக்கப் பக்கத்து ஆளோடு மட்டும்தான் பேச முடியும்.
- ஒலிபெருக்கிக்கும் சமையலறைக் கதவுக்கும் எவ்வளவு தூரம்.
- எத்தனை நேரம் உட்கார விடுவார்கள். இரண்டு மணி நேரத்தில் எழுந்திருக்கச் சொல்லும் இடங்கள் உண்டு. முன்பதிவின்போதே "நாங்கள் நான்கு மணி நேரம் இருப்போம்" என்று சொல்லிவிடுங்கள்.
- படிக்கட்டு, வெளிச்சம், கழிப்பறை. முழங்கால் வலி இருக்கும் நண்பர் உங்களிடம் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.
- சைவம் மட்டும் சாப்பிடுபவர், ஒவ்வாமை உள்ளவர், குடிக்காதவர் ஆகியோருக்கு வயிறார ஏதாவது கிடைக்குமா.

ஒரே ராத்திரியில் நான்கு இடம் சுற்றத் திட்டம் போட வேண்டாம். ஒவ்வொரு முறை எழும்போதும் கணக்கு முடித்து, வண்டி பிடித்து, ஒருவருக்காக இன்னொருவர் காத்திருந்து, சூடு பிடித்த பேச்சு அறுந்துபோகும். ஒரே ஒரு இடமாற்றம் போதும். அதுவும் நடந்தே போகும் தூரமாக இருக்கட்டும். உட்கார்ந்து பேசியபின் சேர்ந்து நடப்பது தனிச் சுகம். நடக்கும்போது கூட்டம் தானாக இரண்டிரண்டு பேராகப் பிரியும். எதிரெதிரே உட்கார்ந்து முகம் பார்த்துச் சொல்ல முடியாததைப் பக்கத்தில் நடந்துகொண்டே சொல்லிவிடுவார்கள். "வீட்ல கொஞ்சம் சரியில்லடா" என்ற வாக்கியம் மேசையில் அரிதாகத்தான் வரும், தெருவில் வரும்.

அந்த நகரத்தில்தான் நீங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்தீர்கள் என்றால், பழைய திண்ணையோ, பேருந்து நிறுத்தமோ, அறையெடுத்துத் தங்கிய தெருவோ அந்த நடையின் வழியில் வரும்படி பாருங்கள். இடிந்திருக்கும், இல்லையென்றால் அடையாளமே தெரியாமல் மாறியிருக்கும். பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்தால் போதும். அந்த இடத்தையே அன்றைய முக்கிய நிகழ்ச்சியாக வைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பணம்

முன்கூட்டியே பேசுங்கள். ஒரே வகுப்பில் ஒரே மாதிரி இருந்தவர்கள் இன்று ஒரே மாதிரி சம்பாதிப்பதில்லை. ஒருவருக்குச் சாதாரணமாகத் தோன்றும் தொகை இன்னொருவருக்கு ஒரு மாதத்தின் நெருக்கடியாக இருக்கலாம். அவர் அதைச் சொல்லாமல் "அன்னைக்கு வேற வேலை இருக்கு" என்பார். நாமும் நம்பிவிடுவோம். ஆளுக்கு ஏறத்தாழ எவ்வளவு ஆகும் என்று அழைப்பிலேயே எழுதுங்கள். அந்தத் தொகை குழுவிலேயே குறைவான வசதி உள்ளவரை மனதில் வைத்துத் தீர்மானித்ததாக இருக்கட்டும். மதுபானக் கணக்கைத் தனியாகப் போடச் சொல்லுங்கள், குடிக்காதவர் அதில் பங்கு கொடுப்பது நியாயமில்லை. யாருக்காவது நீங்கள் சேர்த்துக் கொடுப்பதென்றால் அது உங்களுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்திருக்கட்டும். ஒருவர் கட்டிவிட்டு மறுநாள் எல்லோரிடமும் வாங்கிக்கொள்வதே மேசையில் சிக்கல் வராத வழி.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வேலை போனவர், விவாகரத்தானவர், குழந்தைக்காகக் காத்திருப்பவர், அப்பா அம்மாவை அண்மையில் இழந்தவர் யாராவது இருக்கிறார்களா? தெரிந்தால், அவருடைய சம்மதத்தோடு மற்றவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள். விவரம் வேண்டாம். "அவகிட்ட வீட்டைப் பத்தி எதுவும் கேட்டுக்க வேணாம், அவளா சொன்னா கேட்டுக்கலாம்" என்பது போதும். விவரமறியாத ஒரு கேள்வி ஒருவரின் மொத்த ராத்திரியையும் வாயடைக்க வைத்துவிடும்.

பழைய போட்டோக்களில் நான்கைந்தைத் தேர்ந்தெடுத்து அச்செடுத்துக்கொண்டு போங்கள். போன் திரையில் காட்டினால் ஒருவர்தான் பார்ப்பார். தாளில் இருந்தால் கை மாறும், "இது யாரு, பின்னாடி நிக்கிறது?" என்று ஆறு தலைகள் ஒரே இடத்தில் குனியும். நடுவயது தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால் 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவையே அதிகமாக மேலெழுகின்றன என்பது நினைவாற்றல் ஆய்வுகளில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. பள்ளி, கல்லூரி, முதல் வேலை எல்லாம் அந்த வயதுக்குள் வந்துவிடுகின்றன. கொஞ்சம் தூண்டினால் போதும், ஒருவர் மறந்த பாதியை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார்.

அந்த ராத்திரி

நீங்கள் இருபது நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள். முதலில் வருபவர் தனியாக ஆறு நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கக் கூடாது. ஒவ்வொருவரும் வாசலில் நுழையும்போது எழுந்து போய்க் கட்டிக்கொள்ளுங்கள். நரைத்திருக்கும், தொப்பை விழுந்திருக்கும், மெலிந்திருக்கும். அதைப் பற்றி முதல் வாக்கியத்தில் எதுவும் வேண்டாம். "வந்துட்டியா!" என்பதே போதும்.

எல்லோரும் வந்த பத்தாவது நிமிடத்தில் ஒரு நல்ல போட்டோ எடுத்துவிட்டுப் போன்களை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். கடைசியில் எடுக்கலாம் என்று விட்டால் யாராவது ஒருவர் முன்னதாகக் கிளம்பியிருப்பார். படத்தை வெளியே போடுவதற்கு முன் எல்லோரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

"இப்ப எங்க வேலை, என்ன பதவி?" என்று தொடங்கினால் மேசை ஐந்து நிமிடத்தில் ஏணியாக மாறி, யார் எந்தப் படியில் என்று எல்லோரும் உள்ளுக்குள் கணக்குப் போடத் தொடங்குவார்கள். "இந்த வருஷம் உன் நேரமெல்லாம் எதுல போகுது?", "நாம இருந்த காலத்துல இருந்து உன்கிட்ட மாறாம இருக்கறது எது?" போன்ற கேள்விகளுக்கு வேலையில் இல்லாதவரும் பதில் சொல்ல முடியும்.

பட்டப்பெயர்கள் வரும். சிலருக்கு அது இன்னும் இனிக்கும், சிலருக்கு அன்றே வலித்திருக்கும். ஒருவரை வைத்தே எல்லோரும் சிரித்த கதைகள் எடுபடும்போது அவர் முகத்தைப் பாருங்கள். உதடு சிரித்துக் கண் சிரிக்கவில்லை என்றால் நீங்களே பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள். இதைச் செய்ய உங்களைத் தவிர வேறு யாருக்கும் அங்கே பொறுப்பில்லை.

பேசாமல் இருப்பவரை "ஏன்டா சும்மாவே இருக்க?" என்று கேட்டால் இன்னும் சுருங்கிவிடுவார். குறிப்பாக ஒன்றை எடுத்துக் கொடுங்கள்: "அந்தப் பரீட்சைக்கு முந்தின நாள் கரன்ட் போச்சே, நீதானே எல்லாருக்கும் பாடம் நடத்தின?" அவர் திருத்திச் சொல்வார், சேர்த்துச் சொல்வார், அப்புறம் நிறுத்த மாட்டார். எட்டரை மணி வாக்கில், சாப்பாடு வருவதற்கு முன், எல்லோரையும் இடம் மாறி உட்காரச் சொல்லுங்கள். முதலில் முணுமுணுப்பார்கள், பிறகு அவர்களுக்கே பிடித்துவிடும்.

வர முடியாத நண்பரை இந்த நேரத்தில் வீடியோ அழைப்பில் கொண்டுவாருங்கள். நேரத்தை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். பத்து நிமிடம் போதும், போன் ஒவ்வொருவர் கைக்கும் போய் வரட்டும். பதினோரு மணிக்குக் கூப்பிட்டால் அவர் தூங்கியிருப்பார், இங்கேயும் பேச்சு தளர்ந்திருக்கும்.

உங்களோடு இருந்து, இன்று உயிரோடு இல்லாத ஒருவர் இருந்தால், அவர் பெயரை யாரும் எடுக்கத் துணியாமல் இரவு முழுக்க அந்த இடம் வெறுமையாகவே இருந்துவிடக்கூடும். நீங்கள் எடுங்கள். அவர் செய்த ஒரு குறும்பைச் சொல்லித் தொடங்குங்கள். சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும், இரண்டுக்கும் இடம் கொடுங்கள்.

குடிப்பவர்கள் இருந்தால்

சாப்பாடு முதலில் மேசைக்கு வரட்டும். ஓர் அளவு மதுவைக் கரைக்க உடலுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். காபியோ குளிர்ந்த நீரோ அதை வேகப்படுத்தாது. நடுநடுவே தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். "ஒண்ணே ஒண்ணுடா, எனக்காக" என்று யாரையும் வற்புறுத்த விடாதீர்கள். விட்டொழித்துப் பல மாதம் ஆனவருக்கு அந்த ஒன்று என்ன செய்யும் என்று கேட்பவருக்குத் தெரியாது. வண்டி ஓட்டுபவர்களின் ரத்தத்தில் மது 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, புதிதாக ஓட்டுபவர்களுக்கு 20-ஐத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பல நாடுகளில் சட்டம் இதைவிடக் கடுமை. நான் சொல்வது இன்னும் எளிது: குடித்தவர் ஓட்டக் கூடாது. யார் யாரோடு எப்படித் திரும்புவது என்பதை முதல் கோப்பை வருமுன் முடிவு செய்துவிடுங்கள். கடைசி ரயில், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று குறித்து வையுங்கள்.

முடிப்பது

பேச்சை எப்போது முடிப்பது என்பதில் மனிதர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். உளவியலாளர் ஆடம் மாஸ்ட்ரோயானியும் சக ஆய்வாளர்களும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இருவரும் விரும்பிய நேரத்தில் முடிந்த உரையாடல்கள் மிகச் சிலவே. மற்றவர் மனதில் இருப்பதை நாம் சரியாக ஊகிப்பதில்லை. போக நினைப்பவர் சங்கடப்பட்டு உட்கார்ந்திருப்பார், இருக்க நினைப்பவர் மற்றவருக்காக எழுந்துவிடுவார். நீங்கள் பதினொன்று என்று சொல்லியிருந்தால் பதினொன்றுக்கு எழுந்து சொல்லுங்கள்: "கிளம்பறவங்க கிளம்பலாம், இருக்கறவங்க என்கூட நடக்க வாங்க." யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

எழுவதற்கு முன் அடுத்த தேதியைக் குறியுங்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ, எல்லோரும் கண்முன் இருக்கும்போது கேட்டால் இரண்டு நிமிடம். அடுத்த முறை ஏற்பாடு செய்யும் ஆள் யார் என்பதையும் அங்கேயே பேசி முடியுங்கள், ஒருவர் தலையிலேயே ஒவ்வொரு முறையும் சுமத்தக் கூடாது.

தனியாகப் போகிறவர்கள் வீடு சேர்ந்ததும் குழுவில் ஒரு வரி போடட்டும். கடைசி ஆள் "வந்துட்டேன்" என்று போடும் வரை நீங்கள் விழித்திருங்கள்.

மறுநாள் போட்டோக்களை அனுப்பி, கணக்கைத் தீர்த்துவிடுங்கள். அந்த வாரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு செய்தி, அவர் அன்று சொன்ன ஏதாவது ஒன்றைத் தொட்டு: மகளின் பரீட்சை, அம்மாவின் அறுவை சிகிச்சை, மாறப்போகும் வேலை. நடந்துகொண்டே உங்களிடம் ஒரு கஷ்டத்தைச் சொன்னவர் இருந்தால் அவருக்குச் செய்தி போதாது, போன் செய்யுங்கள். வர முடியாமல் போனவரையும் கூப்பிட்டு நடந்ததையெல்லாம் சொல்லி, அடுத்த தேதியை அவருடைய நாட்காட்டியில் இப்போதே எழுதச் சொல்லுங்கள்.